ஃபுட்போர்டு நெட்வொர்க் கட்டிய பிலோமினா மேடம்

இதனால் கல்லூரியின் ஆசிரியர்கள், மாணவர்கள், வாட்ச்மேன், கேன்டீன் பூனை ஆகிய சகலருக்கும் அறிவிப்பது யாதெனில்: கேன்டீன் கூரை மேலுள்ள ஆன்டெனாக் கம்பத்தில் ஒரு வருடமாகக் குடியிருந்து வந்த காக்கை, தன் குடும்பத்தாருடன் தீர ஆலோசித்து, இன்று காலை எதிரேயுள்ள வாதாமரத்துக்கு வீடு மாற்றிக்கொண்டது. பழைய முகவரிக்கு இனி யாரும் வடை அனுப்ப வேண்டாம். உத்தரவுப்படி.

இதை எழுதியவன் நான். இரண்டு வருடமாக இந்தக் கல்லூரி நோட்டீஸ் போர்டில் கையெழுத்தில்லாமல் வரும் சுற்றறிக்கைகளில் முக்கால்வாசி என் கைங்கரியம்தான். ஆபீஸ் தாளிலேயே, ஆபீஸ் டைப்ரைட்டரிலேயே அடிப்பேன். எப்படி என்று கேட்காதீர்கள், இன்னும் இரண்டு வருடம் நான் இங்கே படித்தாக வேண்டும். அந்தத் திங்கட்கிழமை காலை காக்கை நோட்டீஸைக் குத்திவிட்டு வகுப்புக்குப் போய் உட்கார்ந்தேன். முதல் பீரியட் முடிந்ததும் ஸ்ரீதர் முகம் சுருங்கி வந்தான். மயிலாப்பூர்ப் பையன், என் கூட்டாளி, கோபம் வந்தால்கூடக் குரல் உயராது.

"ஏண்டா வாசு, காக்கா நோட்டீஸ் நன்னாத்தான் இருந்தது. பக்கத்துல இன்னொண்ணு ஒட்டியிருக்கியே, அதைக் கிழிச்சுடு. மேடத்தை வெச்சுண்டு இப்படியா விளையாடறது?"

"எது இன்னொண்ணு?"

ஓடிப்போய்ப் பார்த்தேன். அதே தாள். அதே டைப்ரைட்டர், அதே உடைந்த 'ல'. நம் கல்லூரியின் நெட்வொர்க் பொறியாளர் திருமதி பிலோமினா நேற்று ஞாயிறு காலை சாந்தோமில் தம் இல்லத்தில் மாரடைப்பால் காலமானார் என்று இருந்தது. பக்கத்தில் காக்கை வீடு மாறிக்கொண்டிருந்தது.

கேன்டீன் மாரி அண்ணன் கரண்டியோடு வந்து என் சட்டையைப் பிடித்தார். "இன்னா நைனா, சோக்கு அடிக்க வேற ஆளு கெடைக்கலியா உனுக்கு? அந்தம்மா உனுக்கு இன்னா பாவம் பண்ணுச்சு?"

"நான் எழுதலண்ணே."

"எல்லாத்தையும் நீதான எய்துற?"

"இத நான் எழுதலண்ணே. சத்தியமா."

அவர் என் முகத்தையே பார்த்தார். பிடி தளர்ந்தது. "அப்போ மெய்யாலுமே பூட்டாங்களா?" என்று கேட்டுவிட்டு அங்கேயே படியில் உட்கார்ந்துவிட்டார். அன்றைக்கு மத்தியானம் வரை என்னைப் பார்த்தவர்கள் எல்லோரும் அதே கேள்வியைத்தான் கேட்டார்கள், நீ எழுதினதுதானே என்று. ஆமாம் என்று சொல்ல முடிந்திருந்தால் எவ்வளவு நன்றாக இருந்திருக்கும். உதை வாங்கிக்கொண்டு, மன்னிப்புக் கடிதம் கொடுத்து, பதினைந்து நாள் சஸ்பெண்ட் ஆகி, திரும்பி வரும்போது மேடம் அங்கே இருந்திருப்பார்.

இந்தக் கல்லூரி மலரைப் படிக்கிற உங்களில் பலருக்கு அவரைத் தெரியும். தெரியாதவர்கள்கூடப் பார்த்திருப்பீர்கள். பருத்திப் புடவை, வெள்ளைக் கேன்வாஸ் ஷூ, கழுத்திலிருந்து தடித்த நாடாவில் தொங்கும் ஒரு பிளைவுட் தட்டு, தட்டின் மேல் திறந்த லேப்டாப், காதில் ஹெட்போன். மெரினாவில் சுண்டல் விற்பவர்கள் மாட்டிக்கொள்ளும் அதே மாதிரித் தட்டுதான். நம் கல்லூரி தச்சரிடம் மேடம் படம் வரைந்து கொடுத்துச் செய்ய வைத்தது. அதை மாட்டிக்கொண்டு ஒரு நாளைக்கு எத்தனை முறை அந்த வளாகத்தைச் சுற்றினார் என்று அவருக்கே தெரியாது. வருஷத்துக்கு நாலு ஜோடி ஷூ தேய்ந்தது. 'சுண்டல் மேடம்' என்று பெயர் வைத்தது நான்தான். வைத்த மறுநாளே கூட்டத்துக்குள் ஒளிந்துகொண்டு "தேங்கா மாங்கா பட்டாணி சுண்டல்!" என்று குரல் விட்டேன். அவர் நடையை நிறுத்தாமலே திரும்பி, "வரிசைல வாப்பா. கார்டு காட்டு. அப்பறம் சுண்டல்" என்று சொல்லிவிட்டுப் போய்க்கொண்டே இருந்தார். கூட்டம் என்னைப் பார்த்துச் சிரித்தது. நான் தோற்ற முதல் ஆட்டம் அது.

அவர் கட்டிக்கொண்டிருந்தது கம்பியில்லாத இண்டர்நெட். வீட்டில் டெலிபோன் ஒயரைச் செருகி, கீச்சுக் கீச்சென்று மோடம் கத்தி முடித்தால்தான் ஒரு கடிதம் திறக்கும் என்று நாமெல்லாம் பழகியிருக்கிற காலத்தில், இரண்டாயிரம் பிறந்தால் கம்ப்யூட்டர்கள் எல்லாம் படுத்துவிடும் என்று பேப்பர்காரர்கள் பயமுறுத்துகிற காலத்தில், இந்த அம்மாள் ஒயரே வேண்டாம் என்றார். ஆய்வகம், நூலகம், கேன்டீன், மூன்று இடத்திலும் ஒவ்வொரு ரேடியோப் பெட்டி. பெட்டியின் குரல் எட்டும் தூரம் வரை அதன் ராஜ்யம். அதைத் தாண்டினால் அடுத்த பெட்டியின் ராஜ்யம். பெட்டியை வாங்கி மாட்டுவது பெரிய விஷயமில்லை, காசு இருந்தால் யாரும் மாட்டலாம் என்பார். அவர் கரும்பலகையில் எழுதிப்போட்டிருந்தது மூன்று வரி. நடக்கணும். பேச்சு அறுபடக் கூடாது. கண்டவன் நுழையக் கூடாது. "இதுல ரெண்டு வேணும்னா இன்னிக்கே தரேன். மூணும் ஒண்ணா வேணும்னு கேட்டா அங்கதான் சண்டை ஆரம்பிக்குது" என்று சொல்லிவிட்டு, அந்தச் சண்டைக்காகவே பிறந்தவர் மாதிரிச் சிரிப்பார்.

அவர் சோதித்துப் பார்த்த விதத்தை உங்களில் யாராவது வேறெங்காவது கண்டிருக்கிறீர்களா? எண்ணுவார். ஆய்வகத்தில் தொடங்கி, மைக்கில் ஒன்று, இரண்டு, மூன்று என்று விநாடிக்கு ஒன்றாக நூறு வரை எண்ணிக்கொண்டே நூலகம் வழியாகக் கேன்டீன் வரை நடப்பார். நானும் ஸ்ரீதரும் ஆய்வகத்தில் ஹெட்போனில் கேட்டு, காதில் விழாத எண்களைத் தாளில் சுழிக்க வேண்டும். பார்த்தவர்களெல்லாம் இந்தம்மாவுக்கு என்னவோ ஆகிவிட்டது என்று நினைத்தார்கள். ஆனால் அந்தத் தாளைப் பார்த்தால் ஒரு வரைபடமே தெரியும். அறுபத்தொன்று, அறுபத்திரண்டு, அறுபத்து மூன்று. தினமும் அதே மூன்றும் காணாமல் போகும். அந்த மூன்றும் வாதாமரத்தடியில் விழும். அங்கேதான் நூலகத்துப் பெட்டி கைவிட்டுக் கேன்டீன் பெட்டி கைபிடிக்கிற இடம்.

ஏன் என்று கேட்டேன். "புதுப் பெட்டி என்னைப் பார்த்து, நீ யாருன்னு கேக்குது. நம்ம லேப்ல ஒரு கிழட்டுக் கம்ப்யூட்டர் இருக்கே, அதுலதான் பட்டியல் இருக்கு. அதுகிட்ட கேட்டு, அது தேடி, ஆமா இவங்க நம்ம ஆளுன்னு சொல்ற வரைக்கும் கதவு மூடியே இருக்கு. அதுக்குள்ள மூணு எண் போச்சு. மத்தியானம் எல்லாரும் மேய்ற நேரத்துல பதினஞ்சு எண் போகும்."

"போனா என்ன மேடம், மெதுவா வந்து சேந்துடுமே?"

"நீ டவுன்லோட் பண்றியே, ஏதோ நடிகை படம், அது பத்து நிமிஷம் கழிச்சு வந்தாலும் படம்தான். பேச்சு பத்து விநாடி கழிச்சு வந்தா அது பேச்சில்லப்பா, தந்தி."

நடிகை படம் அவருக்கு எப்படித் தெரிந்தது என்பது வேறு விஷயம். அதற்குப் பிறகு பேச்சுக்கு முன்வரிசை, படங்களுக்குப் பின்வரிசை என்று விதி போட்டார். என் நடிகை நாலு நாளாக நெற்றியோடு நின்றார்.

கதவில் கேள்வி கேட்காமலும் இருக்க முடியாது, கேட்டால் பேச்சு அறுந்துபோகிறது. இந்த முடிச்சில் அவர் மாதக்கணக்காக உட்கார்ந்திருந்தார். அது அவிழ்ந்த இடத்தில் நானும் இருந்தேன். லஸ்ஸிலிருந்து அடையாறு வருகிற டவுன் பஸ்ஸில், காலை எட்டரை மணிக்கு. நான் என் வழக்கமான ஆசனத்தில், அதாவது ஃபுட்போர்டில், ஒரு காலும் ஒரு கையுமாகத் தொங்கிக்கொண்டிருந்தேன். மேடம் உள்ளே கண்டக்டர் சீட்டுக்குப் பக்கத்தில் நின்றுகொண்டிருந்தார். என்னைப் பார்த்தார். கண்டக்டரைப் பார்த்தார்.

"ஏங்க, அதோ தொங்கறானே, அவன் டிக்கெட் வாங்கல. நீங்க ஏன் ஏறும்போதே கேக்கல?"

நான் உள்ளுக்குள் நொந்துகொண்டேன். ஆனால் அவர் என்னை மாட்டிவிடக் கேட்கவில்லை. கண்டக்டர் விசிலை வாயிலிருந்து எடுத்துவிட்டு, "ஏறச்சொல்லவே கேட்டுக்கினு நின்னா வண்டி நவுருமாம்மா? ஏறட்டும். ஓடிக்கினே இருக்கச்சொல்ல வாங்கிக்குவான். அடுத்த ஸ்டேஜு வரைக்கும் டயம். வாங்கலன்னு வையி, ஸ்டேஜ்ல எறக்கி உட்ருவேன்" என்றார்.

"ஸ்டேஜ் வரைக்கும் அவனுக்கு சீட் கெடைக்குமா?"

"சீட்டா? தொங்கிக்கினு வர்றதே பெருசு!"

மேடத்தின் முகம் அப்போது எப்படி மாறியது என்பதை என்னால் எழுத முடியவில்லை. "வாசு, கெட்டியாப் புடிச்சுக்கோ! விழுந்துடாதே!" என்று என்னைப் பார்த்துக் கத்தினார். பஸ்ஸில் எல்லோரும் திரும்பிப் பார்த்தார்கள். இறங்கியதும் கல்லூரி வரை ஓட்டமும் நடையுமாகப் போனார். பின்னாலேயே நான் மூச்சிரைக்கப் போனேன்.

அப்படிப் பிறந்ததுதான் ஃபுட்போர்டு. புதுப் பெட்டியின் எல்லைக்குள் யார் வந்தாலும் முதலில் ஏற்றிக்கொள். ஆனால் உட்கார இடம் கொடுக்காதே. பேச்சு மட்டும் தொங்கிக்கொண்டு போகலாம், படம், கடிதம் எல்லாம் காத்திருக்கட்டும். அதற்குள் கிழட்டுக் கம்ப்யூட்டரைக் கேள். அது அவசரத்தில் தப்பாக 'இல்லை' என்று உளறினால் உடனே நம்பாதே, மறுபடி கேள். இருபதாவது விநாடி ஸ்டேஜ். அப்போதும் இல்லை என்றால் இறக்கிவிடு. நடையும் நிற்காது, பேச்சும் அறாது, திருட்டு டிக்கெட்டும் நிலைக்காது. கண்டக்டர் ஒரு வாயில் சொன்னதை மேடம் மூன்று மாதம் எழுதித் திருத்தி அந்தப் பெட்டிகளுக்குப் புரியவைத்தார்.

முதல் நாள் எண்ணிக்கை இன்னும் காதில் இருக்கிறது. ஐம்பத்தெட்டு, ஐம்பத்தொன்பது, அறுபது. நானும் ஸ்ரீதரும் பென்சிலைத் தூக்கிக்கொண்டு உட்கார்ந்திருக்கிறோம். அறுபத்தொன்று. அறுபத்திரண்டு. அறுபத்து மூன்று. மூன்றும் வந்தன, கொஞ்சமும் கீறல் இல்லாமல், பக்கத்தில் நின்று சொல்வது போல. ஸ்ரீதர் என் கையைப் பிடித்தான். அறுபத்து நான்கில் மேடத்தின் குரல் தழுதழுத்தது. மேடத்துக்கும் நாங்கள் கேட்டுவிட்டோம் என்று தெரிந்திருக்கிறது, எப்படி என்று தெரியவில்லை. நூறு வரை எண்ணிவிட்டு, "மாரி, மூணு டீ, மூணு வடை" என்றார். அதுவும் கீறல் இல்லாமல் கேட்டது. நான் பெரிய பெரிய ராக்கெட் விடுவதையெல்லாம் டி.வி.யில் பார்த்தவன். அந்த அறுபத்திரண்டுக்கு முன்னால் அதெல்லாம் தீபாவளி ராக்கெட்.

இவ்வளவு கண்ட பிறகும் என் புத்தி போகுமா? ஒரு வெயில் மதியம், எல்லா எண்ணும் கேட்டபோதும், சும்மா எண்பத்தெட்டைச் சுழித்து வைத்தேன். காரணம் ஒன்றுமில்லை, என்ன செய்வார் என்று பார்க்கத்தான். மேடம் தாளைப் பார்த்தார். திரும்ப நடந்தார். மறுபடி நடந்தார். ஐந்து முறை அந்த வெயிலில் நடந்துவிட்டு, ஏணி போட்டுக் கேன்டீன் கூரையில் ஏறிப் பெட்டியைத் திறந்து பார்க்கும்போது காக்கை வந்து தலையில் கொத்தியது. நான் கீழேயிருந்து, "மேடம், எறங்கிடுங்க, அது நான்தான், சும்மா போட்டேன்" என்று கத்திவிட்டேன்.

இறங்கி வந்தார். திட்டுவார் என்று நின்றேன். "நீ சொன்னதுனால நான் பெட்டிய சந்தேகப்பட்டேன். ஒரு தப்பும் பண்ணாத பெட்டி" என்றார். அவ்வளவுதான். பெட்டியிடம் அவர் மன்னிப்புக் கேட்காத குறை. பிறகு ஆய்வகத்துக்குப் போய் லேப்டாப்பில் செருகுகிற என் ரேடியோ கார்டின் எண்ணைப் பட்டியலிலிருந்து எடுத்தார். "பதினஞ்சு நாள் நீ நம்ம நெட்வொர்க்ல கெடையாது. எண்ணிக்கை கேக்கற வேலையும் ஸ்ரீதர் மட்டும் பாக்கட்டும்."

இப்போது என் பெருமைக்கு வருகிறேன். நான் வெளியே தள்ளப்பட்ட ஆறாம் நாள், மேடம் தி.நகருக்குப் புது ஷூ வாங்கப் போயிருந்த மதியம், பட்டியலில் இல்லாத என் கார்டைப் போட்டுக்கொண்டு, நூலகத்துக்கும் கேன்டீனுக்கும் நடுவே நாற்பது நிமிடம் மேடத்தின் நெட்வொர்க்கில் ஜாலியாகப் பேசிக்கொண்டிருந்தேன். கம்பியில்லாத வலையில் கம்பி நீட்டிய முதல் ஆள் நான்தான். எப்படி? கேன்டீன் பெட்டியில் தொங்கு. ஸ்டேஜ் வருவதற்குள் நடந்து நூலகத்துப் பெட்டிக்கு மாறு. அது உன்னைப் புது ஆளாக ஏற்றிக்கொள்ளும். 'இவனை இறக்கு' என்ற உத்தரவு கேன்டீனுக்கு வந்து, ஆள் இல்லையே என்று குப்பைக்குப் போகும். மறுபடி அங்கிருந்து இங்கே. பஸ் மாற்றி பஸ், ஃபுட்போர்டு மாற்றி ஃபுட்போர்டு, சாகும்வரை டிக்கெட் வேண்டாம்.

மறுநாள் மேடம் கணிப்பொறி அச்சடித்த நீளத் தாளைக் கையில் பிடித்துக்கொண்டு வகுப்புக்கே வந்துவிட்டார். கண் பளபளத்தது. "நாப்பது நிமிஷம்! டிக்கெட் இல்லாம நாப்பது நிமிஷம் தொங்கியிருக்கே. எப்படிப்பா கண்டுபிடிச்சே?"

"மூணு நாளா யோசிச்சேன் மேடம். ஸ்டேஜுக்கும் ஸ்டேஜுக்கும் நடுவுல ஒரு சந்து இருக்கணுமேன்னு தோணிச்சு."

"நான் மூணு மாசம் பாத்தும் எனக்குத் தோணலியே" என்றார். அதில் பொறாமை இல்லை, கோபம் இல்லை. கோயில் கோபுரத்தைப் பார்ப்பது போல என்னைப் பார்த்தார்.

அது வெள்ளிக்கிழமை. அடுத்த செவ்வாய்க்கிழமை குழு வருகிறது. பெட்டிகளை ஒரு வருடத்துக்கு இரவல் கொடுத்திருந்த மூன்று பெரிய மனிதர்கள். பார்த்துவிட்டுப் பிடித்தால் தொடரலாம். பிடிக்காவிட்டால் பெட்டிகளைத் தூக்கிக்கொண்டு போய்விடுவார்கள், ஆய்வகம் தேர்வுப் பிரிவுக்குப் போகும். தேர்வுப் பிரிவுக்காரர்கள் ஏற்கெனவே டேப் வைத்து அந்த அறையை அளந்துவிட்டுப் போயிருந்தார்கள். மேடத்தின் ஐந்து வருட வேலை அந்த ஒரு மதியத்தில் தொங்கியது. ஓட்டையை அடைக்க நாலு நாள் போதாது. அது என்னவென்று புரிந்தவர்கள் மூன்றே பேர்.

ஸ்ரீதர்தான் தயங்கித் தயங்கிக் கேட்டான். "மேடம், சொல்லாம விட்டுடலாமே. நூறு வரைக்கும் எண்ணிக் காமிச்சா போறும். அவாளா நடந்து பாக்கப்போறா?"

"நாம கட்டினத நாமளே தெரியாதவங்க மாதிரி நிக்கச் சொல்றியாப்பா?" என்றார் மேடம்.

செவ்வாய்க்கிழமை நூறு வரை எண்ணினார். குழுத் தலைவர் ஹெட்போனில் கேட்டார். ஒரு எண் குறையவில்லை. மூவரும் கைதட்டினார்கள், பிரின்சிபால் அவர்களைவிட வேகமாகத் தட்டினார். அங்கேயே முடித்திருக்கலாம். மேடம் முந்தானையால் முகத்தைத் துடைத்துக்கொண்டு, "இப்ப இதுல இருக்கற ஓட்டையக் காட்டறேன் சார்" என்றார். பிரின்சிபாலின் கைகள் தட்டுகிற நிலையிலேயே நின்றன.

தட்டைக் கழற்றி என் கழுத்தில் மாட்டினார். "இவர் பேர் வாசுதேவன், ரெண்டாவது வருஷம். இவர் கார்டு பட்டியல்ல இல்ல. இவர் உள்ள வரக் கூடாது. பாருங்க."

நான் எண்ணிக்கொண்டே நூலகப் படியிலிருந்து கேன்டீனைப் பார்த்து நடந்தேன். இருபதில் ஹெட்போன் செத்தது. அந்தப் பெட்டி என்னைச் சரியாக இறக்கிவிட்டது. குழுத் தலைவர், "ஓட்டை இல்லையே அம்மா, நன்றாகத்தானே வேலை செய்கிறது" என்றார். பிரின்சிபால் மூச்சு விட்டார். விட்டுவிட்டால் எல்லோருக்கும் நல்லது.

மேடம் படிக்கட்டிலிருந்து என்னைப் பார்த்துக் குரல் கொடுத்தார். "வாசு, அன்னிக்கு எப்படி நடந்தியோ அப்படி நட."

எனக்குக் காது சூடேறியது. திரும்பிப் படிக்குப் போய், அன்றைக்கு நடந்த மாதிரியே நடந்தேன். கேன்டீன் வாசலில் நின்ற பையன்கள் குபீரென்று சிரித்தார்கள். மாரி அண்ணன் கரண்டியால் வாயை மறைத்துக்கொண்டார். குழுவினருக்கு ஏன் சிரிக்கிறார்கள் என்று புரியவில்லை. நான் போய் வந்து, போய் வந்து, இருநூறு வரை எண்ணினேன். ஒன்றுகூட அறுபடவில்லை.

"அப்போ உங்க நெட்வொர்க்கை நம்ப முடியாதுன்னு நீங்களே சொல்றீங்க" என்றார் தலைவர்.

"ஓட்டை எங்கேன்னு தெரிஞ்ச நெட்வொர்க் சார் இது. எனக்கு ஆறு மாசம் குடுங்க. தெரியாத நெட்வொர்க்தான் வேணும்னா ஊர்ல நெறைய இருக்கு."

மூவரும் ஒருவரை ஒருவர் பார்த்துக்கொண்டார்கள். கேட்ட புது கம்ப்யூட்டரைத் தரவில்லை. பெட்டிகளையும் எடுத்துப் போகவில்லை. ஆறு மாதம் கொடுத்தார்கள். தேர்வுப் பிரிவு டேப்பைச் சுருட்டிக்கொண்டது. நாலாவது மாதமே மேடம் ஓட்டையை அடைத்துவிட்டார். இப்போது ஒரு பெட்டி யாரையும் ஃபுட்போர்டில் ஏற்றுவதற்கு முன்னால் பக்கத்துப் பெட்டியைக் கேட்கும், இவன் உன்னிடமும் தொங்கினானா என்று. ஆமாம் என்றால் ஏற்றாது. என் கார்டை மறுபடி பட்டியலிலிருந்து எடுத்துவிட்டு என்னையே நடக்கவிட்டுச் சோதித்தார். பதினெட்டாவது எண்ணில் மாட்டினேன். அவர் குதித்த குதியில் ஷூ நாடா அவிழ்ந்துவிட்டது. அது நடந்து ஐந்து வாரம்கூட ஆகவில்லை.

அவர் எழுதிய அறிக்கை நூலகத்தில் இருக்கிறது, போய்ப் பாருங்கள். பதினோராம் பக்கத்தில், 'இந்தக் குறையைத் தம் சிந்தனையால் கண்டறிந்தவர் இரண்டாம் ஆண்டு மாணவர் வாசுதேவன்' என்று இருக்கிறது. அந்தப் பக்கத்தை ஜெராக்ஸ் எடுத்து வீட்டுக்கு எடுத்துப் போனேன். அப்பா அதைக் கண்ணாடி போட்டு மாட்டினார். ஊரெல்லாம் சொல்லிக்கொண்டு திரிந்தேன். இந்தக் கட்டுரையிலும் மேலே சொல்லியிருக்கிறேன்.

மேடத்திடமிருந்து நான் வைத்துக்கொள்ளப் போவது என்ன என்று எழுதச் சொன்னார்கள். எழுதுவதற்கு முன்னால் ஒன்றைச் சொல்லிவிட வேண்டும்.

நான் யோசிக்கவில்லை. மூன்று நாளும் இல்லை, மூன்று நிமிடமும் இல்லை. அந்த மதியம் மேடம் தி.நகர் போயிருந்தாரா, தட்டு சும்மா இருந்ததா, அதை எடுத்து மாட்டி, லேப்டாப்பில் என் கார்டைச் செருகிக்கொண்டு கேன்டீன் கூட்டத்துக்கு முன்னால் சுண்டல் மேடம் வேஷம் போட்டேன். அவரைப் போலவே கையை வீசி, அவரைப் போலவே முன்னால் குனிந்து, அவரைப் போலவே விறுவிறுவென்று, போனேன் வந்தேன். நாற்பது நிமிடம். ஆய்வகத்தில் ஹெட்போனில் ஸ்ரீதர் விழுந்து விழுந்து சிரித்தான். குரல் எப்படிப் போகிறது என்றுகூட எனக்குத் தோன்றவில்லை, தண்டனை முடிந்துவிட்டது போல என்று நினைத்தேன். மறுநாள் நான் "யோசிச்சேன்" என்று சொன்னபோது பக்கத்து பெஞ்சில் ஸ்ரீதர் என்னைப் பார்த்த பார்வை இருக்கிறதே. வெளியே வந்து, "யோசிச்சியா? நீ சுண்டல்னா வித்துண்டிருந்தே!" என்றான்.

குழுவுக்கு முன்னால் முதலில் என் சொந்த நடையில் நடந்தேன். அவர் எதிரிலேயே அவரைக் கேலி செய்ய வெட்கமாக இருந்தது. அதனால்தான் மாட்டினேன். அப்புறம் அவரே சொன்னதால் அவர் நடையைப் போட்டேன், அவர் பார்த்துக்கொண்டிருக்க, கூட்டம் சிரிக்க. அவருக்குத் தெரிந்ததா என்று எனக்குத் தெரியாது. தெரிந்திருக்கும் என்று நினைத்தாலும் கூசுகிறது, தெரியாமலே போய்விட்டார் என்று நினைத்தாலும் கூசுகிறது. சொல்ல ஆறு மாதம் இருந்தது. சொல்லவில்லை.

நேற்று ஒரு கடிகாரத்தை எடுத்துக்கொண்டு போய் அளந்தேன். நூலகப் படியிலிருந்து கேன்டீன் கதவு வரை என் நடைக்கு இருபத்தைந்து விநாடி. ஸ்ரீதர் நடைக்கு இருபத்தேழு. மாரி அண்ணன் முப்பதைத் தாண்டிவிட்டார். யார் நடந்தாலும் ஸ்டேஜில் மாட்டுவார்கள். மேடத்தின் நடையில் நடந்தால் பதினேழு. அந்த வேகத்தில் நடந்தால் மட்டும்தான் அந்தச் சந்து திறக்கும். இந்தக் கல்லூரியில் அந்த வேகத்தில் நடக்கிறவர் ஒரே ஒருவர், அவர் கார்டு எப்போதும் பட்டியலில் இருந்தது. அதனால்தான் அவருக்கு அது தெரியவே வழியில்லை.

அந்த நடையை நான் வைத்துக்கொள்கிறேன், கேலிக்கு இல்லாமல். பதினோராம் பக்கத்தில் என் பெயரை அடித்துவிடுங்கள். ஓட்டையைக் கண்டுபிடித்தது பிலோமினா மேடம்தான். அவர் அப்போது அங்கே இல்லை, அவ்வளவுதான்.